முழு எண்ணையும் எழுதி வாங்குங்கள்

பிள்ளைகளுக்குப் புது டெஸ்க்டாப் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கும் அம்மா அப்பாக்களுக்கு,

திருச்சியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பழுது பார்ப்பேன், கேட்பவர்களுக்குப் புதிதாக அசெம்பிள் செய்தும் கொடுப்பேன். இன்ஜினியரிங் கவுன்சலிங் முடிந்த கையோடு உங்களில் பலர் படியேறி வருவீர்கள். உட்காருவதற்கு முன்பே கேட்கிற கேள்வி இரண்டு. "இன்டெல் நல்லதா, ஏஎம்டி நல்லதா?" அடுத்தது, "ஐ5 போதுமா, ஐ7-ஆவே வாங்கிடலாமா?" இந்த இரண்டுக்கும் ஒரு வார்த்தையில் பதில் கிடையாது. நான் திருப்பிக் கேள்வி கேட்க ஆரம்பித்தால், இவருக்கு விஷயம் தெரியவில்லை போலிருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறீர்கள். பட்டென்று பதில் சொல்கிற கடைகள் நிறைய இருக்கின்றன. அங்கே வாங்கியவர்களில் சிலர் ஆறேழு மாதம் கழித்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் திரும்பி வருகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

போன கார்த்திகையில், மழை விட்டும் விடாத ஒரு சாயங்காலம். டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்பக்கம் பிளாஸ்டிக் ஷீட் சுற்றிய கேபினெட்டை வைத்து ஒருவர் வந்தார். பின்னால் அவர் மகள். சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. "ஐ7 சார். இருபத்தாறாயிரம் ஆச்சு. எட்டு மாசம்கூட ஆகல" என்றார். "காலேஜ் லேப்ல சட்டுனு திறக்குற ஃபைல், வீட்ல திறந்தா அப்படியே உறைஞ்சு நிக்குது சார்" என்றாள் அந்தப் பெண். ஸ்குரூவைக் கழற்றி, ஃபேனை எடுத்து, சுண்ணாம்பு மாதிரி காய்ந்து கிடந்த பேஸ்ட்டைத் துணியால் துடைத்தேன். கீழே இருந்த எழுத்தை அவளையே படிக்கச் சொன்னேன். ஐ7-2600. அது சந்தைக்கு வந்தது 2011 ஜனவரியில். அன்றைக்கு அவள் எல்கேஜி போய்க்கொண்டிருந்திருப்பாள்.

விற்றவர் பொய் சொல்லவில்லை, பாருங்கள். அது ஐ7-தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த அப்பா கேட்டது ஐ7, கடைக்காரர் கொடுத்ததும் ஐ7. எந்த நுகர்வோர் மன்றத்துக்குப் போனாலும் "ஐ7 என்று எழுதி ஐ7-தானே கொடுத்தோம்" என்று அவர்கள் சொல்ல முடியும்.

"இதை எடுத்துட்டு ஐ3 போட்டா நல்லா ஓடும்" என்று சொன்னேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஐ3 சின்னதுதானே சார்? ஐ7-ஐ எடுத்துட்டு ஐ3 போடச் சொல்றீங்களே?" உங்கள் எல்லோருக்குமே இந்தச் சந்தேகம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கோர் ஐ7 என்ற பெயர் 2008 நவம்பரில் வந்தது. 2023-இல் பதினான்காம் தலைமுறை வரும்வரை இன்டெல் அந்தப் பெயரை மாற்றவே இல்லை. பதினைந்து வருஷச் சரக்கு ஒரே பெயரில் சந்தையில் கிடக்கிறது. ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்த வருஷத்து வரிசைக்குள் எது சின்னது, எது பெரியது என்பதை மட்டும்தான் சொல்லும். எந்த வருஷம் என்பது அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. 12400 என்றால் முதல் இரண்டு இலக்கம் 12, அதாவது பன்னிரண்டாம் தலைமுறை. நான்கு இலக்கமாக இருந்தால், 2600, 3770, 4570 மாதிரி, முதல் இலக்கத்தைப் பாருங்கள். இரண்டு, மூன்று, நான்கு. மூன்றுமே பத்து வருஷத்துக்கு மேற்பட்ட பழசு. 2022 தொடக்கத்தில் வந்த ஐ3-12100-இலும் நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஐ7-2600-இலும் அதே நான்கு, அதே எட்டு. ஆனால் ஒரே நேரத்தில் ஐ3-12100-இன் ஒவ்வொரு கோரும் முடிக்கிற வேலையை ஐ7-2600-ஆல் ஏணி வைத்தாலும் எட்ட முடியாது. பதினோரு வருஷ வித்தியாசம் அது.

செகண்ட் ஹேண்டில் ஒரு பைக் வாங்கப் போனால் நீங்கள் முதலில் கேட்பது என்ன? "எந்த வருஷ மாடல்?" ஆர்சி புக்கை வாங்கிப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுப்பீர்களா? பெட்ரோல் டேங்கில் ஒட்டியிருக்கும் பெயரை மட்டும் நம்பிப் பணம் எண்ணிக் கொடுப்பீர்களா? புதுப் பெட்டி, புது கேபினெட், உள்ளே எரியும் கலர் விளக்கு, "ஐ7, 16 ஜிபி ராம், 1 டிபி" என்று ஒட்டிய ஸ்டிக்கர். இவ்வளவும் இருந்தால், உள்ளே இருப்பது எந்த வருஷத்துச் சாமான் என்று மட்டும் ஏனோ நீங்கள் கேட்பதில்லை.

ஏஎம்டியின் ரைசனிலும் இதே கதைதான். ரைசன் 5 1600 வந்தது 2017-இல். ரைசன் 5 9600எக்ஸ் வந்தது 2024-இல். இரண்டும் "ரைசன் 5". முன்னதற்கு மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலேயே இடமில்லை. ரைசனில் 2000 வரிசையிலிருந்து, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டார்கள். அந்தச் சிவில் பெண்ணின் பெட்டியில் இருந்தது விண்டோஸ் 10. வாங்கி எட்டு மாதத்துக்குள் அதற்கும் வழி அடைபட்டுவிட்டது.

சரி, இன்டெல்லா ஏஎம்டியா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் உங்களுக்கு ஆலோசனை சொல்பவர்கள் பெரும்பாலும் மச்சான், சித்தப்பா, பக்கத்து வீட்டு ஐடி பையன். "ஏஎம்டி சூடாகும், சீக்கிரம் போயிடும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்தப் பேச்சு சும்மா பிறந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2000, 2001 வாக்கில் வந்த ஏஎம்டியின் அத்லான் ப்ராசஸர்களில், ஃபேன் கழன்றுவிட்டால் தானாக நின்று தப்பித்துக்கொள்ளும் வசதி கிடையாது. 2011-இல் வந்த எஃப்எக்ஸ் வரிசை மின்சாரத்தை வாரிக் குடித்தது, வேலையில் பின்தங்கியது. 2013-இல் அதில் ஒன்று 220 வாட் என்று முத்திரை குத்தியே வந்தது. அந்தக் காலத்தில் வாங்கிச் சூடுபட்டவர்கள் சொன்னது இன்றுவரை குடும்பத்துக்குக் குடும்பம் கைமாறி வருகிறது. ஆனால் 2017 மார்ச்சில் ரைசன் வந்ததும் அந்தக் கதை முடிந்துவிட்டது. மச்சானுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

அந்த மார்ச் மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2011-இன் ஐ7-2600கே-வில் நான்கு கோர். 2017 ஜனவரியில் வந்த ஐ7-7700கே-விலும் நான்கு கோர். ஆறு வருஷம்! போட்டிக்கு ஆள் இல்லாததால், சாதாரண மனிதன் வாங்குகிற டெஸ்க்டாப் வரிசையில் இன்டெல் நான்கைத் தாண்டவே இல்லை. எட்டு கோர் வேண்டுமென்றால் ஆயிரம் டாலருக்கு மேல் விலை போட்ட தனி வரிசைக்குப் போக வேண்டும். அந்த மார்ச்சில் ஏஎம்டி எட்டு கோர் ரைசன் 7 1800எக்ஸை 499 டாலருக்கு வைத்தது. அதே வருஷம் அக்டோபரில் இன்டெல்லிடமிருந்து ஆறு கோர் ஐ7 வந்தது. அடுத்த வருஷம் எட்டு கோர். நாம் அனுபவிக்கும் வேகமும் விலையும் இந்த இரண்டு பேரும் முட்டிக்கொண்டதால் கிடைத்தவை. அதனால்தான், "நாங்க எப்பவும் இன்டெல்தான் சார்", "ஏஎம்டி மட்டும்தான் வேணும்" என்று நீங்கள் கட்சி கட்டிப் பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒருவருக்கே ஓட்டுப் போட்டால் அந்த ஆறு வருஷம் திரும்பி வரும்.

இரண்டு பேர் வீட்டிலும் ஓட்டை இருக்கிறது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில சாக்கெட்டிலேயே கருகின. போர்டு கொடுத்த வோல்ட்டேஜ் அதிகம் என்று கண்டுபிடித்து, அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டும் பயாஸ் (போர்டின் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் வந்தது. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறையில் அதைவிடப் பெரிய சிக்கல் வெளிப்பட்டது. ப்ராசஸர் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டு வாங்கி, நாளடைவில் தன்னையே அரித்துக்கொண்டது. ஆகஸ்ட்டில் திருத்தம் கொடுத்தார்கள், வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டி ஐந்து ஆக்கினார்கள். ஆனால் ஏற்கெனவே கெட்டதை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. யாராவது உங்களிடம் "ஒருமுறைதான் சார் யூஸ் பண்ணினது" என்று சொல்லி, மலிவு விலைக்கு ஒரு பழைய ஐ7-13700கே-வோ ஐ9-14900கே-வோ நீட்டினால் தயவுசெய்து கையை நீட்டாதீர்கள். புதிதாகப் பில்லோடு வாங்கினால் வாங்கிய அன்றே பயாஸ் அப்டேட் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இன்னொரு பயமும் உங்களுக்கு உண்டு. ஏஎம்டி வாங்கினால் காலேஜில் சொல்லும் சாஃப்ட்வேர் ஓடாதோ என்று. டெஸ்க்டாப்பில் இரண்டும் பேசுவது ஒரே மொழி. அடிப்படையைப் போட்டது இன்டெல். அதை 64 பிட்டுக்கு விரித்து 2003-இல் கொண்டுவந்தது ஏஎம்டி. அந்த விரிவைத்தான் இன்டெல்லும் எடுத்துக்கொண்டது. டாலி, ஆட்டோகேட், பைத்தான், விண்டோஸ், லினக்ஸ், எதற்கும் இந்த வேறுபாடு தெரியாது. ஒரே வருஷத்து, ஒரே விலைச் சரக்கு இரண்டை எடுத்து உங்கள் பிள்ளை முன் வைத்துப் பெயரை மறைத்துவிட்டால், அவனால் எது எதுவென்று சொல்ல முடியாது.

அப்படியானால் எங்கேதான் வித்தியாசம்? செய்யப்போகும் வேலையில். அதனால்தான் நான் திருப்பிக் கேள்வி கேட்கிறேன்.

வீட்டுக் கணக்கு, டிடிபி, ஆன்லைன் வகுப்பு, அரசுத் தேர்வுக்குப் படிப்பு என்றால் ஐ3-12100 போதும். மேலே ஒரு ரூபாய் வேண்டாம். இன்ஜினியரிங் முதல் இரண்டு வருஷத்துக்கு, கோடிங், ஆட்டோகேட் என்றால், ஆறு கோர் உள்ள ஐ5-12400, அல்லது ரைசன் 5 5600ஜி. ஆட்டோகேட், ரெவிட் மாதிரியான சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் ஒரு கோரின் வேகத்தைத்தான் நம்பியிருக்கின்றன. பதினாறு கோர் வாங்கிக் கொடுத்தாலும் பதினைந்து சும்மா உட்கார்ந்திருக்கும். மெஷின் லேர்னிங் படிக்கப் போகிறான் என்றால் பணம் போக வேண்டிய இடம் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு. ப்ராசஸரில் கொட்டிவிட்டு கார்டுக்குக் காசில்லாமல் நிற்காதீர்கள்.

கேம் விளையாடுகிற பிள்ளைகள் எக்ஸ்3டி என்று கேட்பார்கள். கேஷ் மெமரியை அடுக்கி 96 எம்பி வரை ஏற்றிய அருமையான சரக்குதான் அது, கேமுக்கு அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வைத்துக்கொண்டு அதை வாங்கினால் அந்தப் பணம் திரையில் தெரியாது. பிள்ளையிடம் இதைச் சண்டை போடாமல் சொல்லுங்கள், புரிந்துகொள்வான்.

எண்ணின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் எழுத்தைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும். நான் பார்த்த ஏமாற்றங்களில் பாதி அந்த ஒற்றை எழுத்தில்தான் நடந்தது. இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் உள்ளேயே கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் மானிட்டரில் படமே வராது. விலை கொஞ்சம் குறையும், அதைக் காட்டித்தான் விற்பார்கள். ஏஎம்டியின் 5000 வரிசை இதற்கு நேர் எதிர். ஜி என்று முடிந்தால்தான் உள்ளே கிராஃபிக்ஸ் இருக்கும். 5600ஜி-யில் உண்டு, வெறும் 5600-இல் இல்லை. ரைசன் 7600-இல் சின்னதாக ஒன்று உண்டு, 7500எஃப்-இல் இல்லை.

மணப்பாறைப் பக்கம் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி, தன் மகனும் எடிட்டிங்கில் உட்காரட்டும் என்று ஒரு ஐ7 வாங்கினார். எஃப் மாடல். கூடவே நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் போட்டிருந்தார்கள். ஆனால் புது கேமராவில் எடுத்த 4:2:2, 10 பிட் வீடியோவை டைம்லைனில் போட்டால் முகூர்த்தக் காட்சி தத்தித் தத்தி ஓடியது. மாலை மாற்றுகிற கை பாதியில் நிற்கும், சத்தம் மட்டும் போகும். கார்டைக் குறை சொல்லி ஒருமுறை மாற்றியும் பார்த்திருக்கிறார். விஷயம் என்னவென்றால், அந்த வகை வீடியோவைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே இன்டெல்லின் பதினோராம் தலைமுறையிலிருந்து உள் கிராஃபிக்ஸில் ஒரு பகுதி இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டுகளில் என்விடியாவுக்கு அந்த வேலை 2025-இல் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வந்த பிறகுதான் கைவந்தது. சில்லறை மிச்சம் பிடித்த எஃப், அந்தப் பகுதியையே அணைத்து விற்ற சரக்கு. எஃப் இல்லாத அதே ஐ7-ஐ மாற்றிப் போட்டோம். ஒரே சீசனில் அவர் இழந்த ராத்திரித் தூக்கத்துக்கு யார் கணக்குச் சொல்வது? ஸ்டூடியோ வேலைக்கு யார் கேட்டாலும் நான் இன்டெல் என்று சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். எஃப் இல்லாத இன்டெல்.

அடுத்து, நாளைய செலவு. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டை வைத்துத்தான் மூன்று வருஷம் கழித்து உங்களால் ப்ராசஸரை மட்டும் மாற்ற முடியுமா, இல்லை போர்டோடு தூக்கிப் போட வேண்டுமா என்பது முடிவாகும். இதில் நான் ஏஎம்டி பக்கம் சாய்வேன். 2017-இல் முதல் ரைசனுக்காக வாங்கிய ஏஎம்4 போர்டுகள் பலவற்றில், பயாஸை ஏற்றிவிட்டு 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி-யை உட்கார வைக்கலாம். ஐந்து வருஷம் தாங்கிய போர்டு. என் கையாலேயே அப்படி மாற்றியிருக்கிறேன். ஒரு எச்சரிக்கை. ஏஎம்4-இல் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும். பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருக்கும்போது ஃபேனை நேராக இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். முடியளவு பின்கள் வளைந்து போகும். கொஞ்ச நேரம் சிஸ்டத்தை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்துவிட்டு, ஃபேனை இடமும் வலமும் மெதுவாகத் திருகித்தான் எடுக்க வேண்டும். வீட்டில் யூட்யூப் பார்த்துக் கழற்றும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புது ப்ராசஸர் தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல்லில் 12, 13, 14 மூன்றுக்கும் எல்ஜிஏ1700. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு வேறு சாக்கெட். அதாவது இன்று 12400 வாங்கினால் அந்தப் பாதை பதினான்கோடு முடிகிறது. இப்படிச் சொல்வதால் எல்லோரும் ஏஎம்5-க்கு ஓடிவிட வேண்டாம். ஏஎம்5-இல் டிடிஆர்5 ராம் மட்டும்தான் போகும். 2025 கடைசியில் ராம் விலை மளமளவென்று ஏறியதை வாங்கப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டில் பழைய சிஸ்டத்தில் நல்ல டிடிஆர்4 ராம் கிடக்கிறதென்றால், 5600ஜி-யோ, டிடிஆர்4 போர்டோடு 12400-ஓ எடுத்து அதைப் பயன்படுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். எல்ஜிஏ1700 போர்டு டிடிஆர்4-க்கும் வருகிறது, டிடிஆர்5-க்கும் வருகிறது. ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது. போர்டின் பெயரையும் முழுதாக எழுதி வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். சித்திரை வைகாசியில் ஏசி இல்லாத மாடி அறையில் ஓடப்போகிற சிஸ்டம் இது. ஐ9-14900கே முழு மூச்சில் ஓடினால் 253 வாட் வரை இழுக்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற விலை உயர்ந்த கூலர் வேண்டும், அறையும் குளிர்ந்திருக்க வேண்டும். படிக்கிற பிள்ளைக்கு 65 வாட் வகை ப்ராசஸரும் பெட்டியோடு வரும் ஃபேனும் போதும். கே என்று முடியும் இன்டெல்லுக்குப் பெட்டியில் ஃபேனே வராது.

உண்மையில் எனக்கு மிகவும் ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. ஐம்பதாயிரம் ரூபாயில் முக்கால்வாசியை ப்ராசஸரின் பெயருக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் சிஸ்டத்தை ஒப்பேற்றுகிறீர்கள். அந்த மீதியில்தான் கை வைக்கிறார்கள். எஸ்எஸ்டி-க்குப் பதில் பழைய ஹார்ட் டிஸ்க். எட்டு எட்டாக இரண்டு ராம் போட வேண்டிய இடத்தில் ஒற்றை ராம். உள் கிராஃபிக்ஸை நம்பும் 5600ஜி-க்கு இரண்டு ராம் ஜோடியாக இல்லாவிட்டால் பாதி உயிர் போன மாதிரி. எல்லாவற்றையும்விட மோசம், சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். "450 வாட்" என்று ஸ்டிக்கர் ஒட்டி கேபினெட்டோடு இலவசமாக வரும் அந்தப் பெட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். காலி டிபன் பாக்ஸ் மாதிரி லேசாக இருக்கும். நல்லதைத் தூக்கினால் கை தாழும். நம் பக்கம் கரண்ட் போய்ப் போய் வருவது உங்களுக்குத் தெரியாததா? போய் வரும்போது அடிக்கிற வோல்ட்டேஜை முதலில் வாங்குவது அதுதான். அது தாங்கவில்லையென்றால் போர்டு, எஸ்எஸ்டி, பிள்ளை மூன்று மாதம் செய்த ப்ராஜெக்ட், எல்லாம் சேர்ந்து போகும். ப்ராசஸரில் ஒரு படி இறங்கி வாங்கி, அந்தப் பணத்தை 80 ப்ளஸ் முத்திரை உள்ள எஸ்எம்பிஎஸ்ஸிலும் ஒரு யுபிஎஸ்ஸிலும் போடுங்கள். ஐ7-ஐ எதிர்பார்த்து வந்தவர்களை ஐ5-இல் இறக்கி நான் அப்படிச் செய்து கொடுத்த சிஸ்டங்கள் ஏழெட்டு வருஷமாக ஓடுகின்றன.

பில் இல்லாமல் வாங்கினால் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம் என்று சொல்லுவார்கள். மிச்சமாவது வாரண்டி இல்லாத ஒரு பொருள். பெட்டியில் அடைத்து வரும் ப்ராசஸருக்கு இரண்டு நிறுவனமும் மூன்று வருஷ வாரண்டி தருகின்றன. ட்ரேயில் சில்லறையாக வரும் ப்ராசஸருக்கு விற்பவர் வாய்ச்சொல்தான் வாரண்டி. பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று உங்கள் முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் எங்கள் ஊரிலும் அப்படி எத்தனையோ பேரோடு நான் வியாபாரம் செய்கிறேன். கேள்வி கேட்கும் வாடிக்கையாளர் வந்தால்தான் அவர்களுக்கும் பிழைப்பு. பெயரைச் சொல்லி மலிவாகத் தள்ளிவிடுகிறவன் பக்கத்தில் இருக்கும்போது, புதுச் சரக்கை நியாய விலைக்கு விற்பவர் எப்படி நிற்க முடியும்?

ஆகவே, உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு எஸ்டிமேட் கேளுங்கள். அதில் "ஐ7" என்றோ "ரைசன்" என்றோ மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ப்ராசஸரின் முழு எண், கடைசி எழுத்தோடு. போர்டின் முழுப் பெயர். ராம் எத்தனை, டிடிஆர்4-ஆ 5-ஆ. எஸ்எஸ்டி-யும் எஸ்எம்பிஎஸ்ஸும் எந்தக் கம்பெனி, எந்த மாடல். பாக்ஸா, ட்ரேயா. புதுசா, பழசா. இவ்வளவும் அவர் கையெழுத்தில் இருக்கட்டும். அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்து வந்து, பிள்ளையை விட்டு அந்த எண்ணை இன்டெல் அல்லது ஏஎம்டி நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வருஷம் வந்தது, எத்தனை கோர், கிராஃபிக்ஸ் உண்டா இல்லையா என்று அதிலேயே இருக்கும். ஐந்து நிமிஷ வேலை. ஒரு ராத்திரி யோசித்துவிட்டு மறுநாள் போய்ப் பணம் கட்டுங்கள். சிஸ்டம் வந்த அன்றே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் தெரியும் எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

எழுதித் தர மாட்டேன் என்று சொல்லும் கடையில் உட்கார வேண்டாம். எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தச் சிவில் மாணவியின் அப்பா கடைசியில் ஐ3 போடச் சம்மதித்தார். மானிட்டர், கீபோர்டு, கேபினெட் மூன்றையும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றினோம். இன்னொரு பதினெட்டாயிரம் ஆனது அவருக்கு. பில் போடும்போது அவரே என் அருகில் வந்து நின்று, "எண்ணை முழுசா எழுதுங்க சார்" என்றார். மகள் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்ல எழுதினேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பக்கத்து சர்வீஸ் கடைக்காரன்,
திருச்சி